வள்ளம் போகிற வழி

மதினி, சங்கத்துக் கோப்பைத் தேடி நேற்றுக் காலை அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தேன். கோப்புக்கு முன்னால் நீ தந்த அந்தக் கயிறுதான் கையில் அகப்பட்டது. இத்தனை வருடம் துணிகளுக்கு அடியில் கிடந்தும் கருவாட்டு வாடை போகவில்லை. என் பெருநாள் சாரியிலும் அது ஏறியிருக்கிறது. "கழுவிட்டாவது தா" என்று அன்றைக்கே சொன்னேன். "கழுவினா முடிச்சு இளகிடும், சும்மா இரு" என்று என் அலுமாரிக்குள் திணித்துவிட்டுப் போனாய். உன் வீட்டில் அலுமாரி இல்லாமலா? உன்னோடு போட முடியாமல் போன சண்டைகளில் இதுவும் ஒன்று.

பள்ளியில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாம். பிறகு உன் கூடப்பிறந்த நானாவை நான் கல்யாணம் முடித்ததால் மதினியானோம். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நீ தலைவி, நான் செயலாளர். அதாவது நீ கதைப்பாய், நான் எழுதுவேன். என் கையெழுத்து அழகு என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லியே எல்லா வேலையையும் என் தலையில் கட்டினாய்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் டொக்டர் உன்னை மிரட்டி அனுப்பிய நாள் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. இரத்தத்தில் சீனி ஏறிக் கிடக்கிறது, தினமும் அரை மணித்தியாலம் நடக்காவிட்டால் முதலில் கால்விரல் போகும், பிறகு கால் போகும் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் வரும்போது கற்பிட்டி ரோட்டைப் பார்த்தபடியே வந்தாய்.

"எங்கடி நடக்கிற? ரோட்டுல நடந்தா லொறி அடிச்சுப் போடும். ஒழுங்கையில நடந்தா எங்க போறீங்க, எங்க போறீங்கண்டு கேட்டே ஆளைக் கொன்று போடுவாங்க."

மறுநாள் உன் வீட்டுக் கிணற்றைச் சுற்றி நடந்தாய். இருபதாவது சுற்றில் தலை சுற்றித் துவைகல்லில் உட்கார்ந்தாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அப்போதுதான் நீ உண்மையில் பயந்திருக்கிறாய் என்று எனக்கு விளங்கியது.

அதே மாதம் பிரதேச செயலகத்து அறிவித்தல் பலகையில் அந்தக் கடிதத்தைக் கண்டாய். கிராமங்களில் பூங்கா, நடைபாதை, சிறுவர் விளையாட்டிடம் அமைக்க அரசு மானியம் தருகிறது, சங்கங்கள் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. வேறு யாராவது முந்திவிடுவார்கள் என்பதுபோல் அங்கேயே நின்று படிவத்தை வாங்கினாய். கடற்கரையை ஒட்டி அரச காணி ஒன்று கிடந்தது. அந்தக் காணிக்கான கடிதம் கேட்டு கிராம சேவகரின் வாசலுக்கு ஐந்து தடவை நடந்தோம். ஆறாவது தடவை அவரே நம்மைக் கண்டு, "கடிதம் ரெடி" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

தவறு நடந்தது படிவத்தின் மூன்றாம் பக்கத்தில். 'காணியின் தற்போதைய பயன்பாடு' என்று ஒரு பெட்டி. நான் பேனையோடு உன்னைப் பார்த்தேன். நீ முற்றத்தில் மிச்சக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே, "என்ன பயன்பாடு? சும்மாதானே கிடக்கு. ஒன்றுமில்லைண்டு எழுது" என்றாய். நானும் அழகாக எழுதினேன்.

அது கச்சான் காற்று அடிக்கிற காலம். கடல் கொதித்துக்கொண்டிருக்க, நம் ஆட்கள் வள்ளங்களை லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் கரையைப் பார்த்து "சும்மா கிடக்கு" என்று சொல்லாதவர் நம் ஊரில் யார்? யாரும் அதைப் பொய்யென்று நினைப்பதில்லை. படிவம் படிக்கிறவர் கச்சானை அறியாதவர் என்பதைத்தான் நாம் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

அதிகாரி காணி பார்க்க வந்தபோது கச்சான் ஓய்ந்து, போனவர்களெல்லாம் திரும்பியிருந்தார்கள். நம் 'ஒன்றுமில்லை'யின் மேல் வரிசையாக வள்ளங்கள், காய்கிற வலைகள், நடுவில் உன்னுடைய கருவாட்டுப் பாய் வேறு! அவர் படிவத்தையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் விவரம் கொடுத்த விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டும் என்றார். அந்தப் பேச்சு அங்கே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த சம்மாட்டியின் காதில் விழுந்தது. கரைவலைக்கும் பாதி வள்ளங்களுக்கும் சொந்தக்காரர் அவர்.

"நாப்பது வருசமா இந்த மண்ணில வள்ளம் இழுக்கிறம். நாங்க ஒண்டுமில்லையா?" என்று உன்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். எழுதியது என் கை. நீயோ கருவாட்டுப் பாயைத் தாண்டி அவர் முன்னால் போய் நின்றாய். "பிழை என்னுடையது, சம்மாட்டிக் காக்கா. நான்தான் சொன்னேன். நீங்க போன பிறகு கரை சும்மா கிடக்குண்டு என்ட வாய் பழகிட்டுது" என்றாய். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, உனக்குத் தெரிந்த சிங்களத்தில் இரண்டு வாரம் அவகாசம் கேட்டாய். கேட்டாய் என்பதைவிட, கட்டளையிட்டாய் என்று சொல்ல வேண்டும். அவர் ஒரு வாரம் கொடுத்தார்.

அந்த ஒரு வாரத்தில் நீ செய்ததை இன்றைக்கும் நான் பெருமையோடுதான் நினைக்கிறேன். வள்ளங்களை வேறெங்காவது தள்ளச் சொல்லி மகஜர் எழுதலாம் என்று சங்கத்தில் சிலர் சொன்னார்கள். "அவங்க வள்ளம் வராட்டி உங்கட சட்டியில என்ன வேகும்?" என்று நீ கேட்டதோடு கூட்டம் கலைந்தது. மறுநாள் காலையில் சம்மாட்டியிடம் போய், ஒரு வள்ளத்தை இழுத்துக் காட்டும்படி கேட்டாய். பெரிய வள்ளம் ஒன்றை இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்து மேலே இழுத்தார்கள். ஒரு பக்கத்துக் கடைசி ஆளின் காலடியிலிருந்து மறுபக்கத்துக் கடைசி ஆளின் காலடிவரை, கருவாடு கட்டுகிற உன் கயிற்றைக் குறுக்கே பிடித்தாய். சம்மாட்டி தன் கையாலேயே இரண்டு முடிச்சுப் போட்டார்.

"இந்த முடிச்சில இருந்து அந்த முடிச்சுக்கு வழி விடுங்க. மிச்சத்தில என்னவும் கட்டுங்க" என்றார்.

அப்படித்தான் நம் பூங்கா இரண்டு துண்டானது. ஒரு பக்கம் ஊஞ்சலும் சறுக்கியும், மறுபக்கம் நிழல் மரங்களும் வாங்குகளும், நடுவில் வள்ளம் போகிற மணல். இரண்டையும் சுற்றி நடைபாதை. படிவத்தில் இதையெல்லாம் எழுத இடமில்லை. தனித்தாளில் எழுதி, வரைபடம் கீறி, சம்மாட்டியின் கையொப்பத்தோடு இணைத்தோம். மானியம் கிடைத்தது.

நடைபாதை திறந்த அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, அபாயாவுக்குக் கீழே மகனின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தாய். உனக்குப் பின்னால் ஒரு வாரத்தில் பதினைந்து பெண்கள் நடந்தார்கள். ஊரில் நமக்கு 'சப்பாத்துப் பட்டாளம்' என்று பெயர் வைத்தார்கள். மூன்று வருடம் ஒரு நாள் விடாமல் நடந்தாய். நீ மௌத்தானது நெஞ்சு வலியில், காலால் அல்ல. உன்னைக் குளிப்பாட்டும்போது உன் கால்களைக் கழுவியது நான். பத்து விரலும் இருந்தன. அழுகையோடு அழுகையாக அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன், மதினி. இதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது இரண்டாம் கட்ட மானியம் வந்திருக்கிறது. விளக்குகளுக்கும் சுற்றுமதிலுக்கும். இந்த வாரத்துக்குள் வரைபடத்தில் கையொப்பம் வைக்காவிட்டால் பணம் திறைசேரிக்குத் திரும்பிவிடுமாம். வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். மதில் கடல் பக்கம் முழுவதையும் ஒரே கோடாக மூடியிருந்தது. வள்ளம் போகிற வழியில் பூச்செடிகள்! கீறிய தொழில்நுட்ப உத்தியோகத்தர் புதியவர், நல்ல மனிதர். "நான் வந்து பார்த்தேன் மிஸ், நடுவில ஒன்றும் இல்லையே" என்றார்.

அவரை எப்படிக் கோபிப்பது? இது கச்சான் மாதம்.

அதனால்தான் நேற்று அலுமாரியைத் திறந்தேன். இன்று காலை கயிற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு புத்தளத்துக்குப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இரண்டு தடவை மூக்கைச் சுருக்கி, கடைசியில் எழுந்து முன்னால் போய்விட்டார். அலுவலகத்தில் ஒரு முனையை அந்த உத்தியோகத்தரிடம் பிடிக்கச் சொன்னேன். மறுமுனையோடு பின்னால் நடந்தேன். கதிரைகளை நகர்த்தி, கதவைத் தாண்டி, விறாந்தை வரைக்கும் போனேன். அங்கிருந்து சத்தமாகச் சொன்னேன்: "இவ்வளவு அகலத்துக்கு நடுவில வள்ளம் இருக்கு, மிஸ்டர். இப்ப கிழக்கில நிக்குது. கச்சான் முடிய வரும்."

ஆமாம், நான்தான் சத்தமாகச் சொன்னேன். உனக்குப் பின்னால் எழுதிக்கொண்டிருந்தவள்.

அவர் கயிற்றை விடாமலே சிரித்தார். பிறகு அளவு நாடாவை எடுத்து இரண்டு முடிச்சுக்கும் நடுவில் அளந்தார். மதிலில் அந்த அளவுக்கு இடைவெளி விட்டுப் புதிதாகக் கீறித் தந்தார். புதிய படிவத்தின் மூன்றாம் பக்கத்திலும் அதே பெட்டி இருந்தது. இந்த முறை யாரையும் பார்க்காமல், 'வள்ளம் இழுக்கும் வழி' என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

கயிற்றை மறுபடியும் சாரிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். கழுவவில்லை.