நாலாவது டம்ளர்

ஐடா அப்பாவுக்கு,

களி சட்டியில் மூடி வைத்திருக்கிறது. நானும் ஐடாவும் மாரிகுப்பத்தில் அக்கா வீட்டில் இருப்போம்.

இன்று சாயங்காலம் ஏரிக்கரையில் துரைசானிக்கு டீ போட நீங்கள் பொறுக்கியெடுத்த அடுப்பை பங்களா வண்டிக்காரர் விடிந்ததுமே கொண்டுபோய்விட்டார்.

நேற்று ராத்திரி, பங்களாவிலிருந்து கொண்டுவந்த நாலு மண்ணெண்ணெய் அடுப்பையும் பற்றவைத்து, ஒவ்வொன்றிலும் டீ போட்டு என்னிடம் நீட்டினீர்கள். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் உங்கள் கையால் நான் குடித்த முதல் டீ. மூன்று முறை மண்ணெண்ணெய் நாறுகிறது என்றேன். கோபப்படாமல் வேறு அடுப்பில் போட்டுக் கொடுத்தீர்கள். எனக்காக என்றே நினைத்துவிட்டேன். நாலாவது டம்ளரை நீட்டி, "இன்னாமே, நல்லா மோந்து சொல்லு, துரைசானி வாயில வெக்கறது" என்றீர்கள்.

வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு லூயிசாவிடம் கொடுங்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நாலாவதும் நாறியது. நாறவில்லை என்று சொன்னேன்.