பட்டை மரத்தை அறுத்த சேதி

கூடலூர்
ஆடி 9

அன்பு மகள் தேவயானிக்கு அப்பா எழுதுவது. வீரபாண்டி கௌமாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளை நாகராஜும் அதேபோல இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எப்போதும் நினைப்பு. தினமும் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது இதென்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், நீயும் பாதியில் அழுதுவிடுகிறாய், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். மாப்பிள்ளையின் சிநேகிதர் கர்ணன் அடுத்த வாரம் அயர்லாந்து திரும்புகிறாராம், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தாயி. உன் அண்ணன் வைத்த பட்டை மரங்களில் ஒன்றை அறுத்துவிட்டேன். மோட்டார் ரூமை ஒட்டி நின்றதே முதல் மரம், அதைத்தான். கோபம் வந்தால் என் மேல் கோபப்படு, நான் தாங்கிக்கொள்வேன். உன் அம்மாவை மட்டும் ஒரு சொல் சொல்லிவிடாதே. அதைக் கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஊரில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், முதல் போகத்துக்கு நாற்றுப் பாவியாகிவிட்டது. திராட்சை இந்த முறை சுமார்தான், பூக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. உன் சித்தப்பா வேலுச்சாமி புது ஜீப் வாங்கி குமுளிக்கு ஓட்டுகிறான், வாங்கிய நாள் முதல் அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான், ஓட்டுகிற நேரம் குறைவு. சித்திரைத் திருவிழாவுக்கு உன் அம்மா வீரபாண்டி வரவில்லை, நான் மட்டும் போய்த் திருநீறு வாங்கி வந்தேன். இதையெல்லாம் போனிலேயே கேட்டிருப்பாய். கேட்காதது இனிமேல்தான் இருக்கிறது.

அந்த மரங்கள் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும், நீ அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாய். உன் அண்ணன் வண்டிப்பெரியாறு பக்கம் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்த காலத்தில் ஒருநாள் ஜீப் நிறையக் கன்றுகளோடு வந்து இறங்கினான். இது நிஜப் பட்டைப்பா, அங்கன கறுவான்னு சொல்வாக, இலங்கைதான் இதுக்குப் பொறந்த வீடு என்றான். நம் கடைகளில் பட்டை என்று கொடுப்பது சீனா, வியட்நாம் பக்கத்துச் சரக்காம். கனமாக, ஒற்றை மடிப்பாக, கல்லில் தட்டினாலும் உடையாது, நாக்கில் வைத்தால் சுள்ளென்று எரியும். நிஜப் பட்டை காகிதம்போல மெல்லிசு, சுருளுக்குள் சுருளாக இருக்கும், விரலால் நொறுக்கலாம், இனிப்பாக மணக்கும் என்று பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பால் விடாத கட்டன் சாயாவில் போட்டுக் கொடுத்தான். சர்க்கரை போடாமலே குடித்தேன். வரிசையாக நட்டு முடித்துவிட்டு, இது மரமாக வளர்க்கிற சாதி இல்லை, இரண்டு வருஷத்தில் தரையை ஒட்டி அறுத்துவிட வேண்டும், அடிக்கட்டையிலிருந்து சாட்டை சாட்டையாகக் கிளம்பும், அந்தக் குச்சிகளின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு உள்பட்டையை உரித்தால்தான் சுருள் வரும் என்று எனக்கும் உன் அம்மாவுக்கும் சொன்னான். இரண்டு வருஷம் ஆகும்போது மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு யார் அறுப்பது? அவன் காரியம் முடிந்த அன்றைக்கே உன் அம்மா, என் பிள்ளை வச்ச மரத்துல அருவா படக்கூடாது என்று சொல்லிவிட்டாள். நீயும் அழுதுகொண்டே, யாரும் கை வைக்கக் கூடாதுப்பா, நான் வந்தா அண்ணனைப் பார்க்கிற மாதிரி அதைத்தான் பார்ப்பேன் என்றாய். நானும் சரி என்றேன். எனக்கு மட்டும் மனசு இல்லையா. மரங்கள் மளமளவென்று வளர்ந்து வீட்டுக் கூரைக்கு மேல் போய்விட்டன.

இந்த வைகாசியில் அவனுக்கு வருஷப் படையல் போட்டோம். வழக்கம்போல வெள்ளாட்டுக் கறிக்குழம்பு, அவனுக்குப் பிடித்தது. கடைப் பட்டையைப் போட்டு அவனுக்குப் படைப்பதா, அவன் மரத்துப் பட்டை இருக்கும்போது என்று உன் அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. நான் கறி வாங்கக் கம்பம் போயிருந்தேன். வெட்டக்கூடாது என்றுதான் அவள் வாக்கு. வெட்டுனாத்தான பாவம், உரிச்சா என்ன என்று நினைத்து, காய் நறுக்குகிற சின்னக் கத்தியைக் கொண்டுபோய், கிளைக்குக்கூட நோவு வரக்கூடாது என்று இடுப்பு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட்டாள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் கோரமாகத் தெரியும் என்று சுற்றிலும் ஒரே சீராக எடுத்திருக்கிறாள். கோடை மழை பெய்த ஈரம், கழன்று கழன்று வந்ததாம். அந்தப் பட்டையின் மேல்தோலைச் சுரண்டவும் இல்லை. குழம்பு ஒரே துவர்ப்பு, நாக்கில் காறியது. அவள் ருசி பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் நல்லாயிருக்கு என்று சொல்லி இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டேன். சாயங்காலம் மோட்டார் போடப் போனபோதுதான் மரத்தைப் பார்த்தேன். திராட்சைக் கொடியோடே பிழைக்கிறவனுக்கு இது தெரியாதா, தோலைச் சுற்றிலும் எடுத்துவிட்டால் எந்த மரமும் நிற்காது. சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசி, சணல் சாக்கைச் சுற்றிக் கட்டினேன். அவளிடம் எதற்கென்று சொல்லவில்லை.

ஆனி பாதியில் இலை வெளுக்க ஆரம்பித்தது. பிறகு நுனிக்கொழுந்து தொங்கிவிட்டது. வரிசையில் மற்றதெல்லாம் பச்சையாக நிற்க, அது ஒன்று மட்டும் பழுக்கிறதைப் பார்த்து அவளாகவே புரிந்துகொண்டாள். ஒரு தரம் சாமி எடுத்துச்சு, இந்தத் தரம் நானே எடுத்துட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவள்தான், இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை. அந்த வாரம் நீ வீடியோவில் கூப்பிட்டு மரத்தைக் காட்டச் சொன்னாய் இல்லையா, அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போய் உனக்குக் காட்டியது மூன்றாவது மரம். நீயும் எவ்வளவு தளதளன்னு இருக்கும்மா என்று சந்தோஷப்பட்டாய். போனை வைத்துவிட்டு அவள் அழுத அழுகையை நான் எழுத மாட்டேன். உன் அண்ணன் போனதுக்குக்கூட அவள் அப்படிப் பயந்து அழுததில்லை. நீ அவளை மன்னிக்க மாட்டாய் என்று நினைக்கிறாள்.

அடியில் இன்னும் உயிர் இருந்தது, நகத்தால் கீறிப் பார்த்தேன், பச்சை தெரிந்தது. உரித்த இடத்துக்குக் கீழே அறுத்தால் கட்டை பிழைத்தாலும் பிழைக்கும், விட்டால் வேரோடு போய்விடும் என்று அவளிடம் உட்கார்ந்து சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நேற்று முன்தினம் விடிந்ததும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன். வேலுச்சாமி, அண்ணே, மிஷின் வச்சா அரை நிமிசத்துல முடிஞ்சிரும் என்றான். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்க வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். நாலு இழுப்பு இழுத்திருப்பேன், பின்னால் ஆள் வருகிற சத்தம். உன் அம்மா தடுக்கத்தான் வருகிறாள் என்று ரம்பத்தை நிறுத்தினேன். வேலுச்சாமி மரம் சாயாமல் இருக்கப் பிடித்துக்கொண்டிருந்தான். தள்ளிக்கங்க கொழுந்தனாரே, அவுக அறுக்கட்டும், நான் பிடிச்சுக்கிறேன், விழுற வேகத்துல அடித்தோலு கிழிஞ்சிரும் என்றாள். இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நெற்றியை அதில் வைத்து, கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கய்யா முத்துப்பாண்டி என்றாள்.

தாயி, அந்தப் பெயரை இந்த வீட்டில் வாய் திறந்து ஒருவர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. நீ அண்ணன் என்பாய், நான் அவன் என்பேன், அவள் அதுகூடச் சொல்ல மாட்டாள். அறுங்க, ஏன் நிக்கிறீக என்று அவள்தான் சொன்னாள். அறுத்து முடித்ததும் மரத்தைக் கீழே போடாமல் தாங்கிப் படுக்க வைத்தாள். பிறகு இருவரும் உட்கார்ந்து விரல் கனக் கிளைகளைப் பொறுக்கி, அவன் சொன்னபடியே மேல்தோலைச் சுரண்டி உரித்தோம். நிழலில் போட்டதும் தானாகச் சுருண்டுகொண்டது. உரிக்கிற நேரமெல்லாம் அவள் அவனைப் பற்றியே பேசினாள். பள்ளிக்கூடத்தில் மண்டையை உடைத்துக்கொண்டு வந்தது, கோம்பையிலிருந்து நாய்க்குட்டி தூக்கிக்கொண்டு வந்து மச்சில் ஒளித்தது, எல்லாம். மத்தியானம் அவளே கேட்டு ஒரு வாய் சோறு சாப்பிட்டாள். கட்டை துளிர்க்குமா என்று எனக்குத் தெரியாது. துளிர்த்தால் கொழுந்து சிவப்பாக வரும் என்று அவன் சொன்னது ஞாபகம். அறுத்து இரண்டு நாள்தானே ஆகிறது, இன்னும் ஒன்றையும் காணோம்.

மற்ற மரங்களையும் இந்த மழையிலேயே அறுத்துவிடலாம், அவன் சொன்னது அதுதான என்று நேற்று அவளே ஆரம்பித்தாள். ஆனால் புள்ளைட்ட ஒரு வார்த்தை கேக்காம வேண்டாம், அவகிட்ட என்னன்னு கேக்குறது என்று அப்படியே நிறுத்திக்கொண்டாள். அவள் கேட்க மாட்டாள், நீதான் சொல்ல வேண்டும். சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம், எதுவானாலும் அவளிடம் சொல். கர்ணன் தம்பி கொண்டுவருகிற பொட்டலத்தில் கொஞ்சம் சுருள் வைத்திருக்கிறேன். கொதிக்கிற எண்ணெயில் முதலில் போட்டுக் கருக்கிவிடாதே, குழம்பு கொதிக்கும்போது போட்டால் போதும், பால் பாயசத்துக்கும் ஒரு கீற்று போடலாம். காலையில் வெந்நீரில் பட்டைத் தூள் கலக்கிக் குடிப்பதாகச் சொன்னாயே, கனத்த பட்டைத் தூளாக இருந்தால் தினமும் வேண்டாம், ஈரலுக்கு ஆகாது என்பார்கள். நீ நர்ஸ், விசாரித்துக்கொள். ராத்திரி டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே, மாப்பிள்ளையை வரச் சொல். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க அம்மன் துணையிருப்பாள். கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் போடு. அவனைப் பெயர் சொல்லிப் பேசு. அவள் அழுதாலும் நிறுத்தாதே.

இப்படிக்கு,
முத்துப்பாண்டிக்கும் தேவயானிக்கும் அப்பா,
சுருளியாண்டி