வலப்பக்க வாசல்

மார்ச் 3, திங்கள்

முழங்கால் வலி. மழை வருவதுபோல் பாசாங்கு காட்டிவிட்டுப் போய்விட்டது.

பத்தாவது தேர்தல் நெருங்குகிறது. எட்டு முறை ஜெயித்தேன், ஒரு முறை தோற்றேன். கட்சியில் என்னைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். தலைப்பு 'மாறாதவர்'. முதல் தேர்தலில் ஜெயித்தது நூற்றுச் சொச்சம் ஓட்டில். என் மாமனாரே எனக்குப் போடவில்லை என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. நான்காவதில் மண்ணைக் கவ்வினேன். அதைப் புத்தகத்தில் போட வேண்டாம் என்றார் கொறடா. போடு என்றேன். தோற்றபோதும் என் பேச்சை நான் மாற்றவில்லை, அதனால்தான் திரும்பக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள்.

அட்டைக்கு அதே படம்தான். இரண்டாவது தேர்தலிலிருந்து எல்லாச் சுவரொட்டியிலும் அதுதான். வெளிர்நீல அரைக்கைச் சட்டை. அன்று ஸ்டுடியோக்காரர் "சிரிங்க சார், சிரிங்க சார்" என்று கெஞ்சினார், வரவில்லை. என் மனைவி கைக்குழந்தையோடு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். வந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்குத் தலை நரைத்தது, பல் போனது, சிரிப்பும் போனது. புதுப் படம் எடுக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். மாறாதவனுக்கு எதற்குப் புதுப் படம்?

இன்று சபை தொடங்கும்போது வழக்கம்போல் சபாநாயகர், "நேற்றைய பதிவில் திருத்தம் உண்டா?" என்று கேட்டார். வழக்கம்போல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இருமியதைப் 'பேசினார்' என்று போட்டிருந்தார்கள். திருத்த வைத்தேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பதிவு என்றால் பதிவு.

மார்ச் 6, வியாழன்

புத்தகத்துக்காக என் உதவியாளர் நான் போட்ட ஓட்டுகளையெல்லாம் தொகுக்கிறாள். கெட்டிக்காரப் பெண், என்னிடம் பயம் கிடையாது. மதியம் வந்து நின்றாள்.

"சார், மூணு இடத்துல இடிக்குது. நீங்க 'ஆம்'னு போட்டிருக்கீங்க."

எதற்கு என்றேன். பேறுகால விடுப்பை நீட்டும் மசோதா. சிறையில் இருப்பவர்களைப் பிள்ளைகள் வந்து பார்க்கும் மசோதா. மழைக்காலத்தில் குடியிருப்போரை வெளியேற்றக் கூடாது என்ற மசோதா. மூன்றையும் எதிர்த்து நான் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன்.

பழைய நாட்குறிப்புகளை எடுத்துத் தேதி பார்த்தேன். முதல் தேதியில் என் மனைவிக்கு அறுவை சிகிச்சை. இரண்டாவது, அவளை மயானத்துக்கு எடுத்த நாள். மூன்றாவது, என் பேத்தி பிறந்த நாள். அன்று ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, உள்ளே போகாமல் சாயங்காலம்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நாளும் நான் சபைப் பக்கமே போகவில்லை.

மார்ச் 7, வெள்ளி

எவனோ விளையாடியிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எப்படி? எங்கள் சபையில் பொத்தான் கிடையாது, கை தூக்குவதும் கிடையாது. மணி அடித்ததும் எழுந்து நடக்க வேண்டும். வலப்பக்க வாசல் 'ஆம்', இடப்பக்க வாசல் 'இல்லை'. வாசலில் எழுத்தர் முகத்தைப் பார்த்துத்தான் பெயரைக் குறிப்பார். அவர் பக்கத்தில் ஒரு காவலர் நிற்பார்.

வலப்பக்க வாசல் காவலரிடம் இத்தனை வருடத்தில் நான் நின்று பேசியதே இல்லை. அந்தப் பக்கம் போனால்தானே? இன்று போனேன். அந்தத் தேதிகளைச் சொல்லி, ஞாபகம் இருக்கிறதா என்றேன்.

"மறக்க முடியுங்களா ஐயா? அம்மாவை எடுத்த அன்னைக்கு வந்தீங்களே. நான் பதறிப்போயிட்டேன். 'இன்னைக்குப் போய் வந்திருக்கீங்களே'ன்னு கேட்டேன். நீங்க சிரிச்சீங்க."

"சிரிச்சேனா?"

"சிரிச்சுட்டு என் தோளைத் தட்டிட்டுப் போனீங்க. தப்பா நினைக்காதீங்க, அன்னைக்கு உங்களைப் பார்க்க வயசே தெரியல. வீட்ல போய் எங்க வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னேன்."

என்ன சட்டை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 8, சனி

புத்தகத்தில் அந்த மூன்றையும் விட்டுவிடச் சொன்னேன். முதல் முறையாக ஒரு பதிவை மறைக்கச் சொல்கிறேன். உதவியாளர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மார்ச் 11, செவ்வாய்

தாய்ப் பெயர் மசோதா மூன்றாவது முறையாக வருகிறது. அப்பாவின் பெயர் இல்லாமல், அம்மாவின் பெயரில் மட்டும் பிள்ளையைப் பதிவு செய்யலாம் என்ற மசோதா. இரண்டு முறை அதைச் சாய்த்தவன் நான்தான். 'குடும்பத்துக்கு ஒரு தலை வேண்டும்' என்று நான் பேசிய பேச்சை இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

கொறடா கணக்கோடு வந்தார். "நீங்க வந்தா நாம ஜெயிக்கிறோம் அண்ணே. நீங்க இல்லன்னா சரிசமம், அடுத்த சபைக்குத் தள்ளிப்போகும். சளி, காய்ச்சல்னு படுத்துடாதீங்க."

அவர் போன பிறகு தொலைபேசி. என் மகள். நான்கு வருடத்துக்குப் பிறகு அவள் குரல். அன்று, 'வயித்துல இருக்கிற பிள்ளைக்கு அப்பன் யாரு? பேரைச் சொல்லு, இல்லன்னா போ' என்றேன். போய்விட்டாள். அதற்கப்புறம் இன்றுதான்.

"மனசு மாறச் சொல்லல அப்பா. அது நடக்காதுன்னு எனக்குத் தெரியும். குட்டியைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். அப்பா பேர் இல்லாத சான்றிதழை எடுத்துக்கிட்டு எங்கயும் போக முடியல. நீங்க அன்னைக்கு ஒருநாள் வீட்லயே இருந்துடுங்க. அது போதும். தள்ளியாவது போகட்டும்."

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து வைத்துவிட்டாள்.

வீட்டில் இருந்துவிடு என்கிறாள். நான் வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போவேன். கட்டாயம் போவேன்.

மார்ச் 13, வியாழன்

என் மனைவியின் துணிப்பெட்டியை இன்று திறந்தேன். அந்த நீலச் சட்டையை அவள் தன் துணிகளுக்கு நடுவில் வைத்திருப்பாள் என்று தெரியும். இருந்தது.

மடிப்புக் கலையவில்லை. ஆனால் கழுத்துப் பட்டையில் ஈரம். வியர்வை ஈரம். முகர்ந்து பார்த்தேன். சபையின் மரத்தரைக்குப் போடும் மெழுகு வாசனை. அந்த வாசனை எனக்குத் தெரியாதா?

வேலைக்காரம்மாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். "பெட்டியை நான் தொட்டதே இல்லீங்கய்யா. சாவி உங்ககிட்டதான இருக்கு?" என்றாள். ஆமாம், என்னிடம்தான் இருக்கிறது.

பெட்டியைப் பூட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்தால், சுவரில் அந்தப் படம். துணிப்பை ஒன்றை எடுத்து மாட்டி மறைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். இருக்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

அச்சகத்திலிருந்து சுவரொட்டிகள் வந்துவிட்டன. தெரு முழுக்க ஒட்டிவிட்டார்கள். நடக்கப் போனவன் பாதியில் திரும்பிவிட்டேன்.

ஒன்று யோசித்தேன், எழுதிவைக்கிறேன். இத்தனை வருடமும் ஓட்டுப் போட்ட சனம் யாரைப் பார்த்துப் போட்டது? நான் வீடு வீடாகப் போகிற ஆள் இல்லை. சுவரைப் பார்த்துத்தான் போட்டார்கள். அப்படியானால் ஜெயித்தது யார்? சபைக்குப் போக வேண்டியவன் யார்?

இதற்குமேல் எழுதினால் நன்றாக இருக்காது.

மார்ச் 18, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

பெட்டியை இழுத்துப் பார்த்தேன், பூட்டியிருந்தது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நேரத்தோடு கிளம்பினேன். மூன்று மணிக்குத்தான் ஓட்டெடுப்பு. வழியில் ஓட்டுநரிடம், மகள் வீட்டுத் தெரு வழியாகப் போகச் சொன்னேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான். சத்தியமாக அவ்வளவுதான்.

அவள் குடியிருக்கும் கட்டடத்துக்கு எதிரில் நின்றோம். வாசற்படியில் ஒரு குழந்தை முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பக்கத்து வீட்டம்மா ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டே ஒரு கண் வைத்திருந்தாள். புதுப் பை. எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைக்குப் பை வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என் மகள். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

குழந்தை என்னைப் பார்த்தது. நேரே வந்து கார்க் கண்ணாடியைத் தட்டியது. இறக்கினேன். என் மனைவியின் நெற்றி, அதே மேடு.

"சுவத்துல இருக்காரே, அவரோட அப்பாவா நீங்க?"

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல?

"அவரு எங்க?"

"வேலைக்குப் போயிருக்கார்" என்று என் வாய் சொன்னது.

குழந்தை தலையாட்டிவிட்டுப் பையோடு மறுபடி ஏறப் போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓட்டுநர், "சார், மணி மூணரை" என்றபோதுதான் நினைவு வந்தது. வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

வந்து நுழைவதற்குள் தொலைபேசியில் கொறடா. "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க! அத்தனை பேரும் பார்க்க வலப்பக்கமா நடந்து போறீங்க! கூப்பிடக் கூப்பிடத் திரும்பியே பார்க்கல. ஒரே ஓட்டுல போச்சு. நாளைக்குக் காலைல திருத்தம் கேட்கும்போது எந்திரிச்சுச் சொல்லிடுங்க. குழப்பத்துல போயிட்டேன்னு சொல்லுங்க. வயசாயிடுச்சு, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

அடுத்த தொலைபேசி என் மகள். பார்வையாளர் மாடத்தில் இருந்தாளாம். பேச முடியாமல் அழுதாள்.

"மேல நிமிர்ந்து என்னைப் பார்த்தீங்களே அப்பா... சிரிச்சீங்களே. நான் உங்களை அப்படிப் பார்த்ததே இல்ல, படத்துல தவிர. எப்பப்பா மனசு மாறுச்சு?"

அது நானில்லை அம்மா என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பயம்கூட அடுத்ததுதான். என் மகள் நான்கு வருடம் கழித்து அழுகிறாள், சிரிக்கிறாள், எல்லாம் அவனுக்கு. வாசலில் காரை நிறுத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அவன் உள்ளே போகிறான்.

பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது?

மார்ச் 19, புதன்

எல்லோருக்கும் முன்னால் சபைக்குப் போனேன். கூடத்தில் பெருக்குகிறவர் மட்டும் இருந்தார். "இப்பத்தான வெளிய போனீங்க சார்?" என்றார். என் இடத்தில் உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது. யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த சூடு.

எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடினால் இந்த நாற்காலி காலியாக இருக்காது. ஆகவே உட்கார்ந்திருந்தேன்.

சபாநாயகர் கேட்டார்: "நேற்றைய பதிவில் திருத்தம் உண்டா?"

அத்தனை தலையும் திரும்பியது. கொறடா கையைக் கையைக் காட்டினார். நான் சொல்ல வேண்டியது உண்மையைத்தான். 'நேற்று நான் இங்கே இல்லை.' என் ஓட்டுநர் சாட்சி சொல்வார். மசோதா சரிசமமாகித் தள்ளிப்போகும். அடுத்த சபை யாருடையதோ. குழந்தை பையை மாட்டிக்கொண்டு படியேறி இறங்கிக்கொண்டிருக்கும்.

எழுந்தேன். மாடத்தைப் பார்த்தேன், அவள் இல்லை.

"நேத்துப் பதிவு சரியாத்தான் இருக்குது ஐயா" என்றேன். "திருத்தம் இல்ல."

இந்தச் சபையில் நான் சொன்ன முதல் பொய். சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது கவனித்தேன், நாற்காலியின் சூடு போயிருந்தது.

மார்ச் 24, திங்கள்

கட்சி எனக்குச் சீட்டு இல்லை என்று அறிவித்துவிட்டது. புத்தகக் கட்டுகள் கிடங்குக்குப் போய்விட்டன. உதவியாளர் தன் பொருட்களை எடுத்துக்கொண்டு விடைபெற வந்தாள். "அந்த மூணையும் சேர்த்து நாலுன்னு நான் தனியா எழுதி வெச்சிருக்கேன் சார். பதிவுன்னா பதிவு" என்றாள். என் வார்த்தையாலேயே என்னை அடிக்கிறாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகள் வந்தாள். குட்டியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டதாம். கூடத்தில் துணிப்பை தொங்குவதைப் பார்த்து, "இதென்னப்பா இங்க?" என்று எடுத்துவிட்டாள். நான் தடுப்பதற்குள்.

குட்டி படத்துக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தது. "தாத்தா, இவரு ஏன் இப்படி முறைக்கிறாரு?"

"முறைக்கலடி, சிரிக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெளிர்நீலச் சட்டை. உதடு இறுகிக் கிடந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் சவரம் செய்த முகம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குட்டியும் சேர்ந்து சிரித்தது.

நாளை சபையில் ஓட்டெடுப்பு இருக்கிறது. நான் போகவில்லை. குட்டிக்கு நாளைதான் முதல் நாள், கூட்டிக்கொண்டு போகிறேன். பெட்டிச் சாவியை இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டேன். இருக்கிறது. ஆனாலும் இடப்பக்க 'இல்லை' வாசல் காவலரைக் கூப்பிட்டு, நாளை அந்தப் பக்கம் யார் யார் போகிறார்கள் என்று கொஞ்சம் கவனித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.