மௌஸுக்கு ஒரு சிலிப்

3.8.98, திங்கள்
பம்பாய் கருத்தரங்கிலிருந்து மேனேஜர் ராம்பிரசாத் சார் மௌஸ் பக்தராகத் திரும்பியிருக்கிறார். போசரி தொழிற்சாலையின் ஸ்டோர்ஸுக்கு நாங்கள் எழுதும் புரோகிராமில் இனி எல்லாம் படம். படத்தை மௌஸால் அழுத்தினால்தான் வேலை நடக்க வேண்டும். மௌஸ் இல்லாமலே வேலை நடக்க நான் வைத்திருந்த எஃப் விசைகளை, கீபோர்டின் மேல் வரிசையில் இருப்பவை, எடுக்கச் சொன்னார். "கீபோர்டெல்லாம் டைப்பிஸ்ட்டுக்குத்தாம்மா. நாம ரெண்டாயிரத்துக்குப் போறோம்."

டிசம்பர் வரை எனக்குப் பயிற்சிக் காலம். அவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம். சரி என்றேன்.

6.8.98
போசரி போனேன். ஸ்டோர்ஸ் கிளார்க் பார்வதியை எல்லாரும் தாயி என்கிறார்கள், மராத்தியில் அக்கா. சாமான் வெளியே போக அவர் பழைய திரையில் சிலிப் போடுவதைப் பார்த்தேன். இடது கையில் பேரிங், கண் கவுண்டரில் நிற்கிறவர் மேல். வலது கை தன் பாட்டுக்கு விசைகளில் ஓடுகிறது. ஒரு சிலிப்புக்குப் பன்னிரண்டு விநாடி. புதுத் திரையில் அதையே நான் போட்டேன்: ஐம்பது விநாடி. படங்கள் அழகாகத்தான் இருந்தன.

சாரிடம் சொல்ல வேண்டும். எப்படி?

10.8.98
சொல்லவில்லை.

21.8.98, வெள்ளி
"விசையெல்லாம் எடுத்தாச்சா?" தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவர் பார்க்கவில்லை.

நான்கு விசைகள் உள்ளேயே இருக்கின்றன. தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் ஏன் விட்டு வைத்தேன்?

31.8.98, திங்கள்
போசரியில் புதுப் புரோகிராமின் துவக்க நாள். தேங்காய் உடைத்து, கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்தார்கள். மௌஸ் மட்டும் இல்லை. மூன்று மௌஸும் பெட்டியோடு ஸ்டோர்ஸ் அலமாரியில்.

ஸ்டோர்ஸ் அதிகாரி கல்யாணசுந்தரம், ராணுவத்தில் இருபது வருடம் சரக்குக் காத்தவர். "மௌஸா இருந்தாலும் சரி, டாங்கியா இருந்தாலும் சரி, சிலிப் இல்லாம வெளிய போகாது" என்றார். சிலிப் போடப் புதுப் புரோகிராம் வேண்டும். புரோகிராமுக்கு மௌஸ் வேண்டும். மௌஸுக்கு சிலிப் வேண்டும். பழைய கம்ப்யூட்டரைக் கழற்றியாயிற்று. கையால் எழுதும் சிலிப் புத்தகங்களைக் கல்யாணசுந்தரம் சனிக்கிழமையே பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டாராம்.

எங்கள் ஆபீஸ் மௌஸைக் கொண்டுவரலாமே என்றார் ராம்பிரசாத் சார். வெளிப் பொருள் உள்ளே வர கேட் பாஸ் வேண்டும். அதுவும் அதே புரோகிராமில்தான்.

இருவரும் மிக மரியாதையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே பதினொரு லாரி. இரண்டு மணி நேரம். தாயி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையைப் பார்க்க என்னால் முடியவில்லை. வேலை போனா போகட்டும் — இல்ல, போகக் கூடாது — ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"சார், எஃப் ஆறு அமுக்கினா சிலிப் வரும். நான் எடுக்கல."

தாயி அமுக்கினார். வந்தது. புதுப் புரோகிராமின் முதல் சிலிப்: மௌஸ், மூன்று. ராம்பிரசாத் சார் கல்யாணசுந்தரத்திடம் திரும்பி, "இது நம்ம அவசரகால வசதி" என்றார்.

7.9.98
சுற்றறிக்கை: இனி எங்கள் புரோகிராம் எதிலும் மௌஸ் கூடாது. முழுக்க விசைதான். யோசனை: ராம்பிரசாத்.

19.11.98, வியாழன்
தளேகாவ் தொழிற்சாலைக்கு வரைபடப் புரோகிராம். எந்த இயந்திரத்தை எங்கே நிறுத்தலாம் என்று திரையில் நகர்த்திப் பார்க்க வேண்டும். அம்பு விசையால். ஒரு லேத்தைச் சுவரோரம் சேர்க்க நூற்று எழுபத்திரண்டு தட்டு, எண்ணினேன். கூட்டத்தில் எட்டுப் பேர் அருமை என்றார்கள்.

"சார், இதுக்கு மௌஸ்தான் வேணும்." என் குரல்தான்.

"நீ எந்தக் கட்சிம்மா?" என்றார் ராம்பிரசாத் சார்.

"லேத்தை நகர்த்தப் போறவங்களைப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன், சார்."

யாரும் சிரிக்கவில்லை. கையெழுத்து? அவ்வளவுதான்.

3.1.99, ஞாயிறு
போட்டுவிட்டார். வேலை நிரந்தரம் என்று நேற்று கடிதம் வந்தது. கீழே ஒரு குறிப்பு: 'தேவைக்கு மேல் பேசுகிறார். குறைத்துக்கொள்ள வேண்டும்.' இத்தனை மாதத்தில் நான் பேசியதே மூன்று வாக்கியமோ நான்கோ.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. கடிதத்தை ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். கடைசி வரிக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தேன்.

"அப்புறம், நான் நல்லாப் பேசுறேன்னு எழுதியிருக்காங்கப்பா."

"நீயா?" என்றார் அப்பா.