பிலோமினா கடையின் சரிந்த மேசை

காரைக்கால், அக்டோபர் 1983

என் பிரியமுள்ள உங்களுக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம். மரப்பட்டறை நடக்கிறது. சவரிமுத்து ஆசாரி ஒழுங்காக வருகிறார். ஆனால் போன வாரம், நீங்கள் சரிவு பார்க்கும் ரசமட்டத்தை ஏணியிலிருந்து கீழே போட்டுக் கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டார். சட்டைப்பையிலேயே வைத்திருப்பீர்களே, அந்தச் சின்னது. பட்டறைக்கு வேறொன்று வேண்டும். அதைவிட அவசரம், கல்லறைத் திருநாளுக்குள் உங்கள் கல்லறைமேல் கல் பதிக்க வேண்டும். தலத்தெருவிலிருந்து நானே புறப்பட்டுப் போனேன்.

பிலோமினாவின் இரும்புக்கடைக்குத்தான். "ரெண்டு ஆணி வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பாதிப் பொழுதைக் கழித்து வருவீர்களே, அங்கே. உங்கள் அடக்கத்தன்று என்னைவிட அதிகமாக அழுதவள் அவள். நான் மறக்கவில்லை.

நான்கு ரசமட்டங்களை எடுத்து வைத்தாள். பிளாஸ்டிக் இரண்டு, அலுமினியம் ஒன்று, பித்தளை ஒன்று. எனக்கும் அவளுக்கும் நடுவிலிருந்த மேசையில் ஒவ்வொன்றையும் அவளை நோக்கி நீட்டி வைத்துப் பார்த்தேன். நான்கிலும் குமிழ் நடுவில் நிற்காமல் என் பக்கமே ஒதுங்கியது. ஒரு தையல் பிசகினாலும் பிரிக்கச் சொன்ன கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். விடுவேனா?

"நாலுமே கோணல். இந்தக் கடையை நம்பியா என் வீட்டுக்காரர் வந்துக்கிட்டிருந்தார்?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அவள் கோபப்படவில்லை. பித்தளையை இடக்கையால் எடுத்து, முனை மாற்றி, அதே இடத்தில் வைத்தாள். குமிழ் மறுபடியும் என் பக்கமே வந்தது.

"பாத்தீங்களாக்கா? ரசமட்டம் தப்புன்னா, திருப்பி வச்சதும் குமிழ் என் பக்கம் வந்திருக்கும். இது சரியாத்தான் இருக்கு. மேசைதான் என் பக்கம் சரிவு. குமிழ் மேட்டுப் பக்கந்தானே போகும்."

"எந்த ஆசாரி செஞ்ச லட்சணம் இது?"

"அண்ணன்தான் செஞ்சு குடுத்தாங்க. எனக்கு வலது கை வராதுல்ல. கொட்டுற ஆணியெல்லாம் தானா என் பக்கம் உருண்டு வரட்டும்னு நாலு நூல், அரை அங்குலம், சரிச்சு வச்சாங்க."

நீங்கள் அவளுக்கு அண்ணனாம். சொல்லிக்கொள்ளட்டும்.

"ஏணி ஏறுறவங்களுக்கு அலுமினியம் எடுங்கக்கா. கனம் இருக்காது. அண்ணனும் அதைத்தான் சொல்வாங்க" என்றாள். நான் பித்தளையை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து நீங்கள் செய்த அலமாரி, சாப்பாட்டு மேசை, சன்னல் விளிம்பு எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன். குமிழ் நடுவை விட்டு அசையவில்லை. ஒரு நூல் கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர் என்று முப்பத்தெட்டு வருடம் பெருமைப்பட்டேனே. அவளுக்கு நாலு நூல். எனக்கு?

அந்த அலமாரியின் கீழ்த்தட்டுக்குக் குனியும்போதெல்லாம் என் முழங்கால் வலித்தது உங்களுக்குத் தெரியாதா? அல்லது நான் சொல்லவே இல்லையா?

இந்தக் கடிதத்தை நம் கோயில் பத்திரிகை பங்கு மலருக்கு அனுப்புகிறேன். அவளும் வாசிக்கட்டும்.

உங்கள் இடப்பக்கம் எனக்கென்று விட்ட இடம் இருக்கிறது. உங்கள் கல்லை அந்தப் பக்கம் சரித்துப் பதிக்கச் சொன்னேன். சவரிமுத்து திகைத்துப்போனார். "மட்டமா இருந்தாத்தானேம்மா ஐயாவுக்குப் புடிக்கும்?" என்றார்.

பதிக்கும் அன்று பித்தளை ரசமட்டத்தோடு பக்கத்திலேயே நிற்பேன். குமிழ் நடுவில் நின்றால் விடமாட்டேன். நாலு நூல் கேட்கவில்லை. எனக்கு ஒன்று போதும்.

உங்கள் ஒரே மனைவி,
மதலேன்