லெச்சுமியின் கயிறு

அக்கா,

குண்டசாலையில் நேற்றிலிருந்து விடாத மழை. கதவுக்குப் பின்னால் தொங்கும் உன் மாடு லெச்சுமியின் கயிறு ஈரம் குடித்து, மறுபடியும் மாட்டுக் கொட்டகை வாடை வீசுகிறது. அதைத் தூக்கிப் போடும்படி வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் நான் பாய்வேன் என்று தெரியும்.

ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் கண்டிச் சந்தையில் புதுக் கயிறு வாங்கிக்கொண்டு உன் தோட்டத்துக்குப் பன்வில பஸ் ஏறுவேன். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது நீதான். முளையில் நீ போடும் முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். அதை அவிழ்க்க எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. "கடைக்காரனுக்குப் பொட்டலம் கட்டத்தான் தெரியும்" என்று சிரிப்பாய்.

மண்சரிவு நடந்த அன்று காலையில் போன் போட்டேன். உங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் பாதிப்பேர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னாய். நீயும் போ என்று கெஞ்சினேன், திட்டினேன். மழை வருமா, காற்று வருமா என்று அந்த மாட்டின் முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறவள் நீ, கேட்பாயா?

"லெச்சுமி படுத்து அசை போடுது தம்பி. அது எந்திரிச்சா நானும் எந்திரிச்சிருவேன்."

மத்தியானம் மேலேயிருந்த தேயிலை மலை லயத்தின் மேல் இறங்கியது. மறுநாள்தான் உன் உடலை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். லெச்சுமி மட்டும் கீழ் ரோட்டில், கழுத்தில் கயிறு தொங்க, உயிரோடு நின்றது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். மாட்டுக்கு முன்னமே தெரிந்துவிட்டதாம், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம், நீதான் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாயாம். "வாயில்லாச் சீவனுக்கு இருந்த புத்தி அவளுக்கு இல்லாமப் போச்சே" என்றார் பெரியப்பா. உண்மையிலேயே அதற்குத் தெரியுமென்றால், காலையில் ஏன் நிம்மதியாக அசை போட்டது? மத்தியானம் மண்ணுக்குள் எதைக் கேட்டு எழுந்தது? யாரிடம் போய்க் கேட்பேன்.

ஆனால் இந்தக் கயிறு அறுந்த கயிறு இல்லை, அக்கா. நுனி பிரியாமல் முழுசாக இருக்கிறது. முடிச்சு இருந்த இடத்தில் ஒரு வளைவு. அதை அவிழ்க்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். மாடு எழுந்ததும் சொன்னபடி நீயும் எழுந்திருக்கிறாய். ரோட்டுக்கு ஓடாமல் கொட்டகைக்கு ஓடியிருக்கிறாய். பெரியப்பாவிடம் காட்டினேன். நுனியைத் தடவிப் பார்த்தவர், பிறகு அந்தக் கதையைச் சொல்வதே இல்லை.

எனக்குத்தான் ஆறவில்லை. மழை வந்தால் அந்த வளைவைத் தொட்டுப் பார்க்கிறேன். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. மிரண்ட மாடு எவ்வளவு இழுத்திருக்கும். அவ்வளவு நேரமும் உன் விரல்கள் நான் வாங்கித் தந்த கயிற்றோடு போராடியிருக்கின்றன.