அப்பாவை இடம் மாற்றினோம்

கிளைப்பேடா,
அக்டோபர் 16, 1977

அன்புத் தம்பி மிகேலிஸுக்கு,

அக்கா எவே எழுதுவது. நீ அனுப்பிய காப்பிப் பொட்டலமும் கம்பளிக் காலுறையும் வந்து சேர்ந்தன. பிரேமன் நகரத்துக் குளிரில் உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? எனக்கு முழங்கால்தான் தொல்லை. மூன்றாம் மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை படியில் உட்கார்ந்துவிடுகிறேன்.

பழைய கல்லறைத் தோட்டத்தை எடுத்துவிட்டுப் பூங்கா அமைக்கிறார்கள். சொந்தக்காரர்கள் மூன்று வாரத்துக்குள் எலும்புகளை ஊருக்கு வெளியே புது மயானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அங்கே கிடப்பவர்களின் சொந்தங்களில் முக்கால்வாசிப் பேர் அம்மாவையும் உன்னையும் போல நாற்பத்து நான்கில் ருஷ்யப் படைக்குப் பயந்து ஜெர்மனிக்குக் கப்பலேறிப் போனவர்கள். அறிவிப்பைப் படிக்க யார் இருக்கிறார்கள்?

அனுமதிச் சீட்டுக்கு நாயாய் அலைந்தேன். அப்பாவின் பிறப்புச் சான்றில் ஜெர்மன் எழுத்தில் மார்ட்டின் ஷெர்னுஸ். துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டிய காலத்து உத்தியோகப் புத்தகத்தில் லிதுவேனிய மொழியில் மார்டினாஸ் ஷெர்னியுஸ். இறப்புச் சான்றில் ருஷ்ய மொழியில் மார்த்தின் செர்னின். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மூன்றையும் பரப்பிவைத்து, "இதுல உங்கப்பா யாரும்மா?" என்று கேட்டாள்.

"மூணும் அவர்தாம்மா. அவரு ஆத்தங்கரைத் தெருவ விட்டு நகரவே இல்ல. வந்தவங்கதான் ஊருக்கும் அவருக்கும் பேர மாத்திக்கிட்டே இருந்தாங்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "பொறந்த ஊரு மேமெல்னு இருக்கு, செத்த ஊரு கிளைப்பேடான்னு இருக்கு. எப்ப இங்க குடி வந்தார்னு ஒரு தாள் கொண்டாங்க" என்றாள்.

அந்தத் தாளுக்கு நான் எங்கே போவேன்? தினமும் போய் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கெடுவின் கடைசி நாள் காலையில், என் முகத்தைப் பார்த்துச் சலித்துப்போய் முத்திரை குத்திக் கொடுத்தாள்.

கீழ்வீட்டு ருஷ்யர் ஸ்தெபான் துறைமுகத்தில் பளுதூக்கி இயக்குகிறவர். விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்தான் வந்து தோண்டினார். நம் ஊர் மண் உனக்குத் தெரியுமே, மணலும் நீரும்தான். காயல் பக்கமிருந்து ஊற்று வந்துகொண்டே இருந்தது. முழங்கால் வரை சேற்றில் நின்று, ஒவ்வொரு எலும்பாகக் கழுவி என்னிடம் நீட்டினார். ஹெர்ரிங் மீன் பெட்டி ஒன்றில் என் படுக்கை விரிப்பைப் போட்டு அடுக்கினேன்.

பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். "பெட்டில என்னய்யா?" என்று ஓட்டுநர் கேட்டார். "என் மாமனாருப்பா. அவருக்கும் சேத்துதான் டிக்கெட் எடுத்திருக்கேன்" என்றார் ஸ்தெபான். ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டில் ஜெர்மனிக்கு வெளியேற அனுமதி கிடைத்தபோது, அப்பாவின் கல்லறையை விட்டு வர முடியாது என்று உனக்கு எழுதினேன். அதுதான் போய்விட்டதே, இனியாவது வா என்று நீ எழுதுவாய். வேண்டாம், தம்பி. ஸ்தெபான் கீழ்வீட்டுக்குக் குடிவந்தது ஐம்பத்தேழில்.

அம்மா சாகும்வரை ஒரு ருஷ்யரின் பெயரையும் வீட்டில் எடுக்க விடவில்லை என்று எழுதியிருந்தாய். அவள் பட்ட பாட்டுக்கு அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உன்னையும்தான்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். பதில் எழுதும்போது ஸ்தெபானையும் விசாரித்ததாக ஒரு வரி சேர்த்துக்கொள். கடிதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டுவது வழக்கம்.

உன் அக்கா,
எவே